உலகக் கணக்கும் ஊர்த் தராசும்

சங்கத்தின் பொதுப்பேரவையில் ஆண்டறிக்கை வாசிக்கப்படும்போது, பங்காதாயம் எவ்வளவு என்னும் ஒரு வரிக்காகவே காத்திருந்து, அது செவியில் விழுந்ததும் எழுந்து போவோர் நம்மிடையே பலர். ஐந்தொகையின் இரு பக்கங்களையும் ஒப்பிட்டு, பாக்கி எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்ப்போர் சிலரே. உலக மக்களின் உணவு நிலை குறித்து ஐக்கிய நாடுகள் சபையைச் சார்ந்த ஐந்து அமைப்புகள் ஆண்டுதோறும் கூட்டாக வெளியிடும் அறிக்கைக்கும் இக்கதியே நேர்கிறது. 2025 ஜூலையில் வெளிவந்த அறிக்கையிலிருந்து நம் காதுக்கு எட்டியது, 2024 இல் உலகில் பசித்திருந்தோர் சுமார் 67 கோடியே 30 லட்சம் பேர் என்னும் ஒரே வரிதான். அவ்வறிக்கையை நெசவாளரும் உழவரும் எவ்வாறு படிப்பது, படித்ததை ஏனைய உறுப்பினர்க்கு எவ்வாறு எடுத்துரைப்பது என்பதே இப்பாடத்தின் பொருள்.

எந்த அறிக்கையிலும் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஆண்டிலிருந்து, எந்த இலக்கை நோக்கி என்பதாகும். 2012 ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை சத்துணவு தொடர்பாக ஆறு இலக்குகளை வகுத்து, 2025 க்குள் எய்த வேண்டும் என்று தீர்மானித்தது. பின்னர் 2030 வரை தவணை நீட்டப்பட்டது. தவணை நீட்டிக்கப்பட்ட கடன் எத்தகையது என்பது கூட்டுறவாளருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவ்விலக்குகளின் நிலை ஒன்றுபோல் இல்லை. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகள் 2012 இல் நூற்றுக்கு 37 பேர். 2023 இல் 47.8 பேர். இது நற்செய்தி. ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதார் நூற்றுக்கு 26.4 லிருந்து 2024 இல் 23.2 ஆகக் குறைந்தனர். இது மெல்லிய முன்னேற்றம். ஆனால் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் இரத்த சோகை உடையோர் 27.6 லிருந்து 2023 இல் 30.7 ஆக உயர்ந்துள்ளனர். பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. கணக்கோ எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. அறிக்கை முழுவதிலும் நம் சங்கத்தார் அடிக்கோடிட வேண்டிய வரி இதுவே என்பது என் கருத்து.

இனி, அளவைகளின் பொருளைத் தெளிய வேண்டும். வயதுக்கேற்ற உயரமின்மை என்பது நெடுநாள் பாக்கி. கருவிலிருந்தே தொடங்கி, மாதக்கணக்கில் உணவும் நலமும் குறைந்து வந்ததன் தொகை அது. உயரத்துக்கேற்ற எடையின்மை என்பதோ இம்மாதத்து ரொக்கத் தட்டுப்பாடு போன்றது. நோயினாலோ வேலையிழப்பினாலோ அண்மையில் நேர்ந்த மெலிவு. வயதுக்கேற்ற எடையின்மை என்னும் மூன்றாம் அளவை இவ்விரண்டையும் ஒரே தலைப்பில் கொட்டிய கணக்கு. வேறு வேறான இப்பற்றுகளை ஒன்றாகக் கலந்து பேசுவோரே மேடைகளில் மிகுதி.

நம் மாநிலத்தின் கணக்கைத் தேசியக் குடும்பநல ஆய்வு தருகிறது. 2015-16 ஆம் ஆண்டு ஆய்வில் தமிழ்நாட்டுக் குழந்தைகளுள் உயரக் குறைவுடையோர் நூற்றுக்கு 27.1, 2019-21 ஆம் ஆண்டு ஆய்வில் 25. இந்தியச் சராசரி 35.5 ஆதலின் நாம் மேம்பட்டிருக்கிறோம் என்று மகிழ இடமுண்டு. எனினும் நூற்றுக்கு 25 என்பது நான்கில் ஒன்று. நாற்பது சிறு குழந்தைகள் உள்ள ஒரு நெசவாளர் தெருவில், மாநிலச் சராசரி அப்படியே பொருந்துமாயின், பத்துக் குழந்தைகள். அப்பத்துப் பேரும் மற்றவரோடு ஓடியாடித்தான் திரிவர்; நோயாளி என்று எவரும் சுட்டிச் சொல்ல மாட்டார். "தகப்பனும் குட்டை, பிள்ளையும் குட்டை" என்று தெருவே சமாதானம் சொல்லிக்கொள்ளும். பலரும் வளராதபோது வளராமை இயல்பாகத் தோன்றிவிடுகிறது. ஆதலால்தான் கண்ணை நம்பாது அளவுகோலை நம்ப வேண்டியிருக்கிறது. சராசரி என்பது செல்லூர்த் தெருவைப் பற்றியோ வாடிப்பட்டி வயலோரக் குடிசையைப் பற்றியோ தனியே எதுவும் சொல்லாது என்பதையும் மறத்தலாகாது.

இரத்த சோகையில் நமக்குப் பெருமைப்பட ஏதுமில்லை. பெண்களிடையே 55 லிருந்து 53.4, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே 50.7 லிருந்து 57.4. விரல் நுனியில் எடுத்த இரத்தத்தைக் கொண்டு கணித்ததால் இவ்வெண்கள் சற்று மிகையாக இருக்கலாம் என்று அறிஞர் சிலர் ஐயுறுகின்றனர். அந்த ஐயத்தையும் கூட்டத்தில் சொல்லிவிடுவதே நேர்மை. தள்ளுபடி செய்து பார்த்தாலும் எஞ்சுவது சிறிதன்று. தார் சுற்றும் பெண்ணும் நாற்று நடும் பெண்ணும் நடுப்பகலில் மூச்சிரைத்து உட்கார்ந்தால் சோம்பல் என்று ஏசுகிறோம். பல வேளைகளில் அது குருதிக் குறைவு. வீட்டில் எல்லாரும் உண்டபின் சட்டியில் எஞ்சியதை உண்பவளும் அவளே.

உலக எண்ணைத் தனியொரு குழந்தையின் எண்ணாக மாற்றிக் காட்டிய முயற்சி ஒன்று நம் மாவட்டத்திலேயே நடந்தது. மதுரையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் உள்ள கொட்டாம்பட்டி வட்டாரத்தில், 1980 ஆம் ஆண்டில், தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம் உலக வங்கியின் கடனுதவியோடு முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தனர். எடை குறைவாக இருக்கிறதா என்பதைக் காட்டிலும், சென்ற மாதத்தைவிட ஏறியிருக்கிறதா என்பதே அங்குக் கேட்கப்பட்ட கேள்வி. ஏற வேண்டிய அளவு ஏறாத குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துருண்டை கொடுத்தனர், தேறியதும் நிறுத்திவிட்டனர். எல்லார்க்கும் கொடுத்தால் என்ன என்று கேட்போர் அன்றும் இருந்திருப்பர். ஆனால் ஒரு குழந்தைக்கு மட்டும் கொடுப்பதன் காரணத்தைத் தாய்க்கு விளக்கியாக வேண்டும், அவ்விளக்கமே பாடமாயிற்று.

அதனை விளக்கியவர் வெளியூர் அதிகாரி அல்லர். அவ்வூரிலேயே வாழ்ந்த பெண். வறுமையிலும் தம் பிள்ளைகளை நன்கு வளர்த்துக்காட்டிய தாய்மார்க்கு அப்பணியில் முன்னுரிமை அளிக்கப்பட்டது. எழுத்தறியாத தாயும் அட்டையில் கோடு மேலே போகிறதா, படுத்துக்கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள முடிந்தது. முதற்கட்டம் 1989 இல் முடிவுற்றபோது, கடும் சத்துக்குறைவு கணிசமாகக் குறைந்திருந்தது. இடைநிலைக் குறைவு அவ்வளவு எளிதில் அசையவில்லை.

மூன்று வயதுக்குட்பட்டோரை அவர்கள் தேர்ந்தது ஏன் என்று சிந்திக்க வேண்டும். நம் நாட்டுப் பெருமை பள்ளி உணவில் இருக்கிறது. காமராசர் ஆட்சியில் 1956 இல் மதிய உணவு, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982 இல் சத்துணவு; 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில், மாநகராட்சித் தொடக்கப்பள்ளி ஒன்றில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. பசியோடு பாடம் கேட்ட பிள்ளைகளுக்கு இவை செய்த நன்மையை எவரும் மறுக்க இயலாது. எனினும் உயரக் குறைவு பெரும்பாலும் கருவுற்ற நாள் முதல் இரண்டாம் பிறந்தநாளுக்குள் நேர்ந்துவிடுகிறது. ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் அப்பாக்கி முன்னமே ஏறியிருக்கும். ஆகவே காலை உணவு வந்துவிட்டது, அறிக்கை எண் தானே குறையும் என்று சங்கத்தில் பேசுவது தவறான கணக்கு.

செய்தி சரியாகச் சொல்லப்படாவிட்டால் நல்ல முயற்சியும் குப்பைக்குப் போகும் என்பதற்குச் செறிவூட்டிய அரிசியே சான்று. அரிசி மாவோடு இரும்பு, போலிக் அமிலம், பி-12 உயிர்ச்சத்து ஆகியவற்றைப் பிசைந்து, அரிசி வடிவில் அச்சிட்ட மணிகளை நூற்றுக்கு ஒன்று வீதம் கலப்பது அதன் முறை. இந்திய அரசு 2021 இல் அறிவித்துப் படிப்படியாகப் பரப்பியது. அதன் பயன் எவ்வளவு என்பதில் மருத்துவ அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. நியாய விலைக் கடையில் அரிசி பெற்ற பலரோ நிறம் மாறிய மணியைப் பிளாஸ்டிக் அரிசி என்றெண்ணிப் பொறுக்கி எறிந்தனர். இக்கடைகளுள் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துவன கூட்டுறவுச் சங்கங்களே. எடை போடும் நம் ஊழியர் இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் அவ்வச்சம் பெரிதும் தணிந்திருக்கும்.

உணவைப் பற்றிய அறிவுரை சுருங்கியதே போதும். சோறு உண்டவுடன் தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வது தடைப்படும். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா உடனிருந்தால் மிகுதியாகச் சேரும். பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசலில் விளையும் கம்பும் குதிரைவாலியும் வண்டியேறி வெளியூர் போவதற்குமுன் ஒருபடி வீட்டில் தங்கலாம். வரப்பில் ஒரு முருங்கைக்கு இடமில்லாத மல்லிகைத் தோட்டத்தை நான் கண்டதில்லை.

கூட்டத்தில் அறிக்கையை எடுத்துரைக்கப் போகும் உறுப்பினர், உலக எண்ணில் தொடங்க வேண்டா. அங்கன்வாடியில் எடை போடும் நாள் எது என்று முன்னரே கேட்டறிந்து, அதற்கடுத்த நாளில் கூட்டத்தை வைத்துக்கொள்க. வருவோரைத் தம் வீட்டுக் குழந்தையின் எடை அட்டையைக் கொண்டுவரச் சொல்லுக. பெண்கள் வருதல் இன்றியமையாதது. அட்டையில் சென்ற மூன்று மாதக் கோட்டை அவரவரே பார்த்தபின், நம் தெருவில் எத்தனை, மாநிலத்தில் எத்தனை, உலகில் எத்தனை என்று மேலே செல்க. கோடு ஏறாத குழந்தையின் பெயரை அவையில் வாசித்தல் ஆகாது. தாயைத் தனியே அழைத்து, மறுநாளே சுகாதார நிலையத்துக்கு உடன்செல்ல ஒருவரை ஏற்பாடு செய்க.