தட்டு சொல்லும் சேதி
(மாணவி, பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு)

இன்று காலை என்ன உண்டீர்கள் என்று கேட்டால் உடனே விடை சொல்லிவிடுவோம். முந்தாநாள் மாலை என்னென்ன கொறித்தோம் என்று கேட்டால் விழிப்போம். கொறித்த முறுக்கும் மறந்துபோகும். தட்டோரம் ஒதுக்கிய கீரையும் மறந்துபோகும். இந்த மறதிக்கு நல்ல மருந்து ஒன்று உண்டு. அதுவே படங்களால் ஆன உணவு நாட்குறிப்பு.

எப்படி எழுதுவது?

1. உண்ணுமுன் தட்டைக் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். அலங்காரம் வேண்டாம், பரிமாறியபடியே எடுத்தால் போதும்.

2. உண்டு முடித்ததும் இன்னொரு படம் எடுக்க வேண்டும். நாம் எதை ஒதுக்கினோம் என்பதை அது காட்டிவிடும்.

3. பசி படத்தில் தெரியாது. ஆகவே ஒரு சிறு நோட்டில் மணி என்ன, பசித்து உண்டோமா, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு உண்டோமா என்று குறித்து வைக்க வேண்டும்.

4. பள்ளிக்குக் கைப்பேசி ஆகாது. மதிய உணவை வீட்டிலேயே, டப்பாவை மூடுமுன் படம் எடுத்துவிடலாம்.

5. ஞாயிறன்று ஏழு நாள் படங்களையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

இம்முறை நமக்கு முற்றிலும் புதிதன்று. இரவு செபத்தில் ஆன்ம சோதனை செய்கிறோம் அல்லவா? 1548-ல் அச்சான 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலில், திருத்த விரும்பும் ஒரு குறையை நாள்தோறும் கோட்டின்மேல் புள்ளியிட்டுக் குறித்து, ஒரு வாரத்தை மறு வாரத்தோடு ஒப்பிடும்படி புனித இஞ்ஞாசியார் கூறுகிறார். அந்நூலில் உணவுக்கென்றே எட்டு விதிகள் உள்ளன. அவசரமாக உண்ணலாகாது என்கிறார். அடுத்த வேளைக்கு எவ்வளவு உணவு என்பதை, பசியில்லாத நேரத்தில் தீர்மானிக்கவும் சொல்கிறார். ஞாயிறு மாலை படங்களைப் பார்த்து மறு வாரத்துக்குத் திட்டமிடுவதும் இதைப் போன்றதே.

படங்களில் எதைத் தேடுவது?

முதலில் நிறத்தைப் பாருங்கள். காலையில் இட்லி, மதியம் தயிர் சாதம், இரவு தோசை என்றால் நாள் முழுவதும் வெண்மைதான்! நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகள் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடுத்து, காலை உணவின் படம் எத்தனை நாள் விடுபட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. வகுப்பில் பலருக்கு வரும் சோர்வுக்கும் மயக்கத்துக்கும் இதுவும் ஒரு காரணமாகலாம். இரும்புச்சத்துக் குறைவே இரத்தசோகைக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. கீரை, பயறு, கம்பு, மீன், முட்டை ஆகியவை படத்தில் உண்டா என்று பாருங்கள். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றின் வைட்டமின் 'சி' இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். உண்டவுடன் குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும்.

ஓர் எச்சரிக்கை

இந்த நாட்குறிப்பு மெலிவதற்கான கருவி ஆகிவிடக் கூடாது. நமக்கு வளரும் வயது. உணவு குறைந்ததென்று மகிழாமல், தட்டில் எது குறைகிறது என்று அறியவே இது உதவ வேண்டும். பிறருக்குக் காட்டிப் பாராட்டுப் பெறவும் வேண்டாம். உண்ணவே அச்சம் தோன்றினால் நாட்குறிப்பை மூடிவிட்டு, தாயிடமோ அருட்சகோதரியிடமோ மனம்விட்டுப் பேசுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒரு வாரம் உங்கள் அம்மாவின் தட்டையும் படம் எடுங்கள். பல வீடுகளில் அம்மா உட்காரும்போது பொரியல் தீர்ந்திருக்கும். சட்டியின் அடியில் மிஞ்சிய குழம்பும் ரசமுமே அவருக்கு வாய்க்கும். அதே கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை என்கிறது. நம் தட்டையும் அம்மாவின் தட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அடுத்த வேளை கரண்டியை யார் எடுத்து, யாருக்கு முதலில் பரிமாற வேண்டும் என்பது தானே விளங்கும்.

உணவுக்கு முன் கைகூப்பி நன்றி சொல்லும் நாம், அந்த உணவைக் கண் திறந்து பார்க்கவும் பழகுவோமாக!