பூனையின் வயதைக் கணக்கிடுவது எப்படி?

எலித்தொல்லைக்கு அஞ்சித் தோட்ட வீடுகளில் பூனை வளர்ப்பது வழக்கம். பூனையின் ஓராண்டு மனிதரின் ஏழாண்டுக்குச் சமம் என்பர் சிலர். அது சரியன்று. முதலாண்டு நிறைந்த பூனை ஏறக்குறைய 15 வயது மனிதருக்கும், ஈராண்டு நிறைந்தது 24 வயதினருக்கும் ஒப்பாகும். பின்னர் ஆண்டுதோறும் நான்கு வயதைக் கூட்டுதல் வேண்டும். ஆகவே, பத்தாண்டுப் பூனைக்கு 56 வயது; பதினைந்தாண்டுப் பூனைக்கு 76 வயது.

இக்கணக்கால் பயன் யாது? பெண்பூனை ஆறு மாதம் நிறையுமுன்பே சினையாகக்கூடும். குட்டிகள் பெருகுவதை விரும்பாதோர் ஐந்தாம் மாதத்திற்குள் கால்நடை மருத்துவரை நாடுதல் நலம். முதிய பூனை மிகுதியாக நீர் அருந்தி உடல் மெலிந்தால், மூப்பென்று வாளாவிருத்தல் கூடாது. அது சிறுநீரக நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். எலி பிடிக்க இயலாத பூனையைக் காட்டோரம் விட்டுவருவது, உழைத்து ஓய்ந்த முதியவரை வீட்டைவிட்டு விரட்டுவதற்கு ஒப்பாகும்.