காட்டரிசியை உலையில் இடுமுன்: இளம் சமையற்கலைஞருக்கு ஒரு கடிதம்

காட்டரிசியைச் சமைக்கவும், அதன் சத்தைப் பிற அரிசிகளோடு ஒப்பிட்டு உணவு அட்டையில் எழுதவும் முற்படும் இளம் சமையற்கலைஞருக்கு,

வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியில், ஆழம் குறைந்து நீர் மெல்ல நகரும் ஏரிகளிலும் ஆற்றோரங்களிலும் விளையும் ஸிஸானியா பலுஸ்ட்ரிஸ் என்னும் நீர்ப்புல்லின் மணியே சந்தையில் காட்டரிசி என்ற பெயரில் கிடைக்கிறது. புல் குடும்பத்துக்குள் நெல்லும் இதுவும் ஒரே கிளையைச் சேர்ந்தவையாயினும், நெல் ஒரைஸா என்ற வேறு பேரினத்தைச் சேர்ந்ததாகையால், இதனை மனிதக் கைக்குத் தப்பி வளர்ந்த நெல் என்று கருதுவது பிழை. நெல்லரிசிக்குப் பழகிய தண்ணீர் அளவும் வேகும் நேரமும் இதற்குப் பொருந்தாமற்போவதற்கு இந்த வேற்றுமை ஒரு காரணம். மணி ஏரியிலிருந்து பைக்கு வந்து சேர்ந்த வழி அதனினும் பெரிய காரணம்.

இதனை மனூமின் என்றழைக்கும் ஓஜிப்வே மக்கள், ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் சிறு படகில் இருவராகச் செல்ல, ஒருவர் நீண்ட கழியால் படகை உந்தும்போதே மற்றவர் கைக்கொன்றாகப் பிடித்த இரு தடிகளில் ஒன்றால் தாளை வளைத்து, மற்றதால் மெல்லத் தட்டி, முற்றிய மணிகளை மட்டும் படகினுள் உதிர்க்கிறார். ஒரே கதிரிலும் மணிகள் ஒருங்கே முற்றுவதில்லை என்பதால் அதே பாத்திக்குப் பலமுறை திரும்ப வேண்டியிருக்கிறது. நீரில் விழுந்தவை அடுத்த ஆண்டுக்கு விதையாகின்றன. தாள் முறியாதிருக்கும்பொருட்டு, தடி 30 அங்குல நீளத்துக்கும் ஒரு பவுண்டு எடைக்கும் மிகக் கூடாது என்று மினசோட்டா மாநிலச் சட்டமே வரையறுத்திருக்கிறது. கொண்டுவந்த ஈர மணியை உலர்த்தி, இரும்புக் கொப்பரையில் விறகுத் தீயில் வறுத்து, காலால் மிதித்து உமி நீக்கி, பூர்ச்சமரப் பட்டையாலான தட்டில் புடைத்தெடுப்பது மரபு. இவ்வாறு கையால் வறுக்கப்பட்ட மணி வெளிர்பழுப்பாகவும் சில வேளை பசுமை கலந்தும் காணப்படும். மினசோட்டாவிலும் கலிபோர்னியாவிலும் நீர் கட்டிய வயலில் பயிரிட்டு இயந்திரத்தால் அறுக்கப்படுவதோ, ஈரத்தோடு குவித்துச் சில நாள் பதப்படுத்தப்பட்ட பின்னரே பெரும்பாலும் வறுக்கப்படுவதால், கரிய நிறமும் இறுகிய தோலும் பெறுகிறது.

கடிகாரத்தை நம்பிச் சமைப்பவர் இங்கேதான் தவறுகிறார். கரிய வயல்மணி மெல்லிய தீயில் 45 முதல் 60 நிமிடம் வரை வேகக்கூடும். கையால் வறுத்த ஏரிமணியை 15 நிமிடம் கடந்ததுமே கரண்டியில் எடுத்துப் பார்க்கத் தொடங்க வேண்டும். வெள்ளை அரிசியோடு கலந்து விற்கும் பொட்டலங்களில் விரைவில் வேகும்பொருட்டுத் தோலைக் கீறிய மணியும் இருக்கும் என்பதால், பையின் மேல் அச்சிட்ட நேரம் பிறிதொரு பையின் மணிக்குச் சான்றாகாது. இரண்டு மூன்று நீரில் அலசி, ஒரு பங்கு மணிக்கு நான்கு பங்கு நீர் வைத்து, உப்பிட்டு, கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடிவிட்டால், தோல் நெடுக்கே பிளந்து உள்ளிருக்கும் வெளிர்மாவு தெரிகின்ற கட்டமே பதமாகும். பிளந்த மணி இருபுறமும் முழுதும் சுருண்டுவிட்டால் மெல்லுதற்குரிய கடிப்பு போய்க் குழைவு மட்டுமே எஞ்சும். குக்கரின் விசில் இந்தப் பிளவைக் காண விடுவதில்லை என்பதால், புதிய பை ஒன்றை முதன்முறை சமைக்கையில் திறந்து பார்க்கக்கூடிய பாத்திரமே ஏற்றது. மிஞ்சிய நீரை வடித்து, மூடியபடி பத்து நிமிடம் விட்டால் ஈரம் சமப்படும். வடிநீரில் ஃபோலேட் போன்ற, நீரில் கரையும் உயிர்ச்சத்துகளில் ஒரு பகுதி இறங்கியிருக்கும். மினசோட்டாவில் பெயர்பெற்ற காட்டரிசி சூப்புக்கோ வேறொரு குழம்புக்கோ அதனைச் சேர்ப்பது சிறந்தது. வெள்ளை அரிசியோடு பரிமாற விரும்பினால் இரண்டையும் தனித்தனியே சமைத்துப் பின் கலக்க வேண்டும். ஒரே உலையில் ஒன்று கூழாகும் வேளையில் மற்றது விறைத்தே நிற்கும்.

சத்து ஒப்பீட்டில் நேரும் முதற்பிழை, உலர்ந்த எடையையும் வெந்த எடையையும் மயங்கக் கொள்வது. அமெரிக்க வேளாண்துறையின் உணவு அட்டவணைப்படி உலர்ந்த காட்டரிசி 100 கிராமில் புரதம் 14.7 கிராம், தவிடு நீக்காத பழுப்பரிசியில் ஏறத்தாழ 7.5 முதல் 8. தீட்டிய வெள்ளையரிசியில் 7.1. இரு மடங்கு என்று இதனைப் பறைசாற்றுவோர், வெந்த 100 கிராமில் காட்டரிசிக்கு 4 கிராமும் மற்ற இரண்டுக்கும் ஏறத்தாழ 2.7 கிராமும்தான் என்பதைச் சொல்வதில்லை. உலர்ந்த 100 கிராம் காட்டரிசி நீரை உறிஞ்சி ஏறத்தாழ 350 கிராம் ஆக, அதே அளவு வெள்ளையரிசி 280 கிராம் அளவிலேயே நின்றுவிடுவதே இதன் காரணம். இதே கணக்குதான் 'கலோரி குறைந்த அரிசி' என்ற விளம்பரத்தையும் உருவாக்குகிறது: வெந்த நிலையில் 101 கலோரி, வெள்ளையில் 130, உலர்ந்த நிலையில் முறையே 357, 365. வேறுபாட்டின் பெரும்பகுதி நீரே.

காட்டரிசி உண்மையாகவே முந்தும் சத்துகளில் புரதமும் துத்தநாகமும் அடங்கும். உலர்ந்த 100 கிராமில் துத்தநாகம் ஏறத்தாழ 6 மில்லிகிராம், பழுப்பரிசியிலோ 2. புரதத்தின் கூறாகிய லைசின் நெல்லரிசியைவிடச் சற்று மிகுதி எனினும், தானியமாகையால் பருப்பின் துணை இதற்கும் வேண்டும். தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தில் நிலை தலைகீழாகிறது: பழுப்பரிசியில் ஏறத்தாழ 0.4 மில்லிகிராம் இருக்க, காட்டரிசியில் 0.1 அளவே உள்ளது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் மணியின் உட்பகுதிக்கு நகர்வதால், தீட்டிய பின்னும் அதனைப் பெருமளவு காத்துக்கொள்ளும் புழுங்கலரிசி இந்த ஒரு சத்தில் காட்டரிசிக்குத் தாழ்ந்துவிடாது. அமெரிக்க அட்டவணையில் இன்னொரு பொறியும் உண்டு. அங்கு விற்கப்படும் வெள்ளையரிசி பெரும்பாலும் இரும்பும் தயமினும் ஃபோலிக் அமிலமும் சேர்த்துச் செறிவூட்டப்பட்டதாகையால், அந்த வரியை எடுத்துக்கொள்பவருக்கு இரும்புச்சத்தில் காட்டரிசி தோற்றதாகத் தோன்றும். ஒப்பிட வேண்டியது செறிவூட்டப்படாத அரிசியின் வரியே. கறுப்பு நிறத்தைக் கண்டு கருப்புக் கவுனி அரிசியின் ஆந்தோசயனின் நிறமிகளை இதன் மேல் ஏற்றி எழுதுவதும் தகாது, ஏனெனில் காட்டரிசியின் கருமையில் பதப்படுத்தலுக்கும் வறுத்தலுக்கும் பெரும்பங்கு உண்டு.

உணவு அட்டையில் எண் எழுதும்போது அது வெந்த எடைக்குரியதா, உலர்ந்த எடைக்குரியதா என்பதையும், மணி ஏரியிலிருந்து கையால் தட்டி எடுக்கப்பட்டதா, வயலில் விளைந்ததா என்பதையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும். வயலில் விளைந்ததை அவ்வாறே முகப்பில் அறிவித்து விற்க வேண்டும் என மினசோட்டாவில் சட்டம் உள்ளது. கலிபோர்னிய வயலில் இயந்திரம் அறுத்த மணியைச் சமைத்துவிட்டு அட்டையில் ஓஜிப்வே படகின் படத்தை அச்சிடும் உணவகங்கள், படகில் சென்று உழைத்தவருக்குரிய விலையைத் தாம் பெற்றுக்கொள்கின்றன.