வெயில் ஏறினால் இதயத்துக்கு இரட்டை வேலை



கடும் வெயில் நாட்களில் கிளினிக்குக்கு வருபவர்கள் தலைவலி, மயக்கம், கால் இழுப்பு என்றுதான் சொல்வார்கள். நெஞ்சைப் பற்றிப் பேசுபவர் குறைவு. ஆனால் வெயிலில் அதிகம் பாடுபடுவது நெஞ்சுக்குள் இருக்கும் இதயம்தான்.

நம் உடம்பின் சூடு சுமார் 37 டிகிரி. வெளியே எவ்வளவு காய்ந்தாலும் உள்ளே இது ஏறக்கூடாது. அதற்காக உடம்பு இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிச் சூட்டை வெளியேற்றுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. கடும் சூட்டில் தோலுக்கு மட்டுமே 6 முதல் 8 லிட்டர் வரை தேவைப்படலாம். குலை வெட்டும் கைகால்களுக்கும் இரத்தம் வேண்டும். ஆகவே நாடி வேகமாக ஓடுகிறது.

இதற்கிடையே வியர்வையில் தண்ணீரும் உப்பும் போய்விடுகின்றன. கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் போகும். இரத்தம் கெட்டியாகி, உறையும் தன்மை கூடுகிறது. ஏற்கெனவே இரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்திருந்தால் மாரடைப்பு வர இதுவே வழி. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை சீக்கிரம் காயாது, உடம்பும் குளிராது.

1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. 2016 ஏப்ரலில் பெர்லிஸ், கெடா பள்ளிகளை வெயிலுக்காக மூடினார்கள். 2003 ஆகஸ்டில் பிரான்ஸ் நாட்டில் வெயிலால் சுமார் 15,000 பேர் இறந்தனர், பெரும்பாலோர் முதியவர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். லண்டனில் வெயில் நாட்களில் சாவு கூடிய அளவுக்கு, இதய நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் கூடவில்லை. பலர் ஆஸ்பத்திரி வந்து சேருமுன்பே இறந்திருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

நானும் தாமதத்தின் விளைவைப் பார்த்தவன். செம்பனைக் குலை வெட்டும் ஒருவர், வயது 52, பிரஷர்காரர். பகல் பதினொரு மணிக்கு நெஞ்சில் கல்லை வைத்தாற்போல் பாரம், இடது கையில் வலி. "வாயுதான்" என்று சோடா குடித்துவிட்டு மிச்சக் குலையையும் வெட்டி முடித்தார். சாயங்காலம்தான் மனைவி அழைத்து வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். உயிர் தப்பியது, ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. பிறகு அவரால் குலை வெட்ட முடியவில்லை.

"ஏன் அப்பவே வரல?" என்று கேட்டேன்.

"குலைக் கணக்கு குறைஞ்சிடுமேன்னு பார்த்தேன் ஐயா" என்றார்.

ஆகவே இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. வெயிலில் வேலை செய்யும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒரு கிளாஸ் தண்ணி குடியுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இதயம் பலவீனமாகித் தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேளுங்கள்.

2. கனமான வேலையைக் காலையிலேயே முடியுங்கள். நடுப்பகலில் அடிக்கடி நிழலில் உட்காருங்கள். அது சோம்பேறித்தனம் அல்ல. மண்டோரிடம் ஓய்வு கேட்க ஒருவருக்குத் தயக்கம் இருந்தால் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.

3. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் வெயில் காலத்தில் பிரஷரைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

4. வேலை முடிந்ததும் தண்ணி, சம்சு வேண்டாம். சாராயம் உடம்பில் உள்ள நீரை மேலும் இறக்கிவிடும்.

5. வீட்டில் உள்ள தாத்தா, பாட்டியைத் தகரக் கூரையின் கீழ் அடைத்து வைக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள்.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை கண்டால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். தனியாக மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள். உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமல் களைப்பும் மூச்சிறைப்பும் மட்டும் வரலாம். பேச்சுக் குழறி, உடம்பு நெருப்பாய்க் கொதித்தால் அது வெப்பத்தாக்கு: நிழலுக்குத் தூக்கி வந்து உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்சை அழையுங்கள்.

வாயுவா, மாரடைப்பா என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. நேரத்தோடு வந்து சேர்வது உங்கள் வேலை. வெறும் வாயுவாக இருந்தால் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு அனுப்புகிறோம். மிச்சக் குலையை நாளைக்கும் வெட்டலாம்.