ஏரி காட்டும் அளவு

தமிழ்த்துறை மலரில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கு என்ன வேலை என்று நண்பர் ஒருவர் வினவினார். உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பின் வழியே, பின்னாளில் இளநிலை மாணவர் அனைவர்க்கும் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயப் பாடமாயிற்று. மாணவர்களும் விளக்கங்களை மனனம் செய்து தேர்வெழுதித் தேறிவிடுகின்றனர். ஆயினும், தம் ஊர் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலர்க்கு விடை தெரிவதில்லை. அக்குறையே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஜெர்மானிய உயிரியலாளர் எர்னஸ்ட் ஹெக்கல் 1866ஆம் ஆண்டு இத்துறைக்குப் பெயரிட்டபோது, ‘வீடு’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டார். உயிர்கள் ஒன்றோடொன்றும், தாம் வாழும் இடத்தோடும் கொண்டுள்ள உறவை ஆராய்வது சூழலியல். தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இச்சிந்தனை புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்தது. கருப்பொருளைப் பதினான்காக விரித்த நம்பியகப்பொருள், மரம், பூ, புள், விலங்கு, நீர், ஊர் ஆகியவற்றோடு மாந்தரையும் அதே வரிசையில் வைத்தது. மனிதன் அப்பட்டியலுக்கு வெளியே நின்று அதனை ஆள்பவன் அல்லன். அதனுள் எண்ணப்படும் ஒருவன். பதினேழாம் நூற்றாண்டில் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கியபோது, அரபு நாட்டை மழையும் ஆறும் வயலும் செழித்த மருதநிலமாகவே புனைந்தார். நீரின்றி ஒரு நாட்டைச் சிறப்பித்துப் பாட அவர்க்கு மனம் வரவில்லை போலும்!

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். புதுவைப் பகுதியில் 84 ஏரிகள் உள்ளன. அவற்றுள் பெரியது வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி. ஊசுட்டேரியின் பரப்பு ஏறத்தாழ 800 எக்டேர். ஒரு பாதி புதுவையிலும் மறு பாதி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே அதனை வந்தடைகிறது. புதுவை அரசு 2008ஆம் ஆண்டு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடும் பின்னர் அவ்வாறே செய்தது. எல்லைக்கோட்டை நாமக்கோழிகளும் நத்தைகுத்தி நாரைகளும் அறியா என்பது வேறு செய்தி.

பாகூரின் பழமை இன்னும் ஆழமானது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவ வேந்தன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, இவ்வூரில் விளங்கிய கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. வயலின் விளைவு கல்வியைப் புரந்தது; அவ்வயலை நீர் புரந்தது. தென்பெண்ணையின் நீரைச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து கொணர்ந்து பாகூர் ஏரியை நிரப்புவது பங்காரு வாய்க்கால். பங்காரி, சிங்காரி என்னும் ஆடல்மகளிர் இருவரோடு இதனை இணைத்துச் சொல்லும் செவிவழிச் செய்தி ஒன்று இன்றும் வழங்குகிறது. வரலாற்றாசிரியர் அதனை ஏற்பாரோ, மாட்டாரோ. நீர் கொணர்ந்தவரை மறக்க ஊர் விரும்பவில்லை என்பது மட்டும் தெளிவு.

ஏரி என்பது வெறும் நீர்த்தேக்கம் அன்று. மதகு திறந்தால் வயல் நனையும். நிறைந்தால் கலிங்கு வழியே மிகைநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். தேங்கிய நீர் மண்ணுள் இறங்கிக் கிணறுகளில் ஊறும். வண்டல் வயலுக்கு உரமாகும். குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் கூடிக் கரையைச் செப்பனிட்டனர். மின்சாரமும் ஆழ்துளைக் கிணறும் வந்த பின்னர் இவ்வழக்கம் தளர்ந்தது. தன் நிலத்தில் தனக்கென நீர் கிடைக்கையில், ஊர்க்கரைக்கு மண்வெட்டி எடுப்பவர் யார்?

பள்ளிவாசல் ஹவுளை இங்கு நினைத்துப் பார்க்கிறேன். ஒளுச் செய்ய அதன் விளிம்பில் அமர்ந்தோர் அனைவர்க்கும் நீரின் மட்டம் கண்ணெதிரே தெரிந்தது. குறைந்தால் கை தானாகச் சிக்கனம் கொள்ளும். குழாய்கள் வந்தன, மட்டம் மறைந்தது. வீண்விரயம் கூடாதென்று சிறுவயதிலேயே ஓதிக் கற்ற நாமும் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்கிறோம். ஏரிக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே எனத் தோன்றுகிறது. ஏரியில் இருப்பு எவ்வளவு என்பதை உழவர், மீனவர், மேய்ப்பர் யாவரும் ஒருசேரக் காண்பர். நிலத்தடி இருப்பை யாரும் காண்பதில்லை. மோட்டார் காற்றை இழுக்கும் நாளில்தான் அறிகின்றனர்.

பாகூர்க் கொம்யூனுக்கு இது பெரிதும் கவலைக்குரியது. கிருமாம்பாக்கம், மணப்பட்டு முதலான ஊர்கள் கடலை ஒட்டியவை. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது; ஆதலின் மண்ணடியில் அதன்மேல் மிதந்து நிற்கிறது. மேலே அடைப்பில்லாத நீர்த்தாங்கு படுகையில், கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. மேல்மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால் காலப்போக்கில் கீழேயுள்ள உப்புநீரின் எல்லை 40 மீட்டர் மேலேறக்கூடும். அளவின்றி இறைப்பவர் நீரை மட்டும் எடுப்பதில்லை. கடலை உள்ளே அழைக்கின்றனர். உவர்ப்பேறிய படுகை ஒரு மழையில் மீள்வதுமில்லை. புதுவையின் நெற்களஞ்சியம் எனப்படும் மண்ணுக்கு இவ்வச்சம் சிறிதன்று.

முயற்சிகள் நடவாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 1999ஆம் ஆண்டு ஏரிப் புனரமைப்புத் திட்டம் தொடங்கிற்று. ஏரிப் பயன்பாட்டாளர் சங்கங்களும் அமைந்தன. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2002ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. எனினும் தூர்வாரிய ஏரிக்கு வரத்து வாய்க்கால் அடைபட்டுக் கிடந்தால் என்ன பயன்? வயல்கள் மனைப்பிரிவுகளாகுங்கால் முதலில் காணாமற்போவது வாய்க்காலே. எல்லைக் கற்கள் நட்டவர்களில் நம் உறவினரும் உளர் என்பதை ஒப்புக்கொள்ளாமல் பிறரைக் குறைகூறுவது நேர்மையாகாது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தைத் திங்கள் முதல் நாளிலும், சித்திரைத் திங்கள் முதல் நாளிலும், உங்கள் வீட்டுக் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து குறித்து வாருங்கள். நீர் உவர்க்கிறதா என்பதையும் எழுதுங்கள். கிணறு இல்லாதவர் ஊர்ப் பெரியவரிடம் வாய்க்காலின் பழைய தடத்தைக் கேட்டு வரைந்து வரலாம். ஊர்வாரியாக எழுதுவதற்குத் துறையில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். முதற்பக்கத்தில் எங்கள் வில்லியனூர் இல்லத்துக் கிணற்றின் அளவை நானே எழுதியுள்ளேன். சிறுவயதில் குனிந்தால் முகம் தெரிந்த கிணறு அது, இப்போது கயிறு நீளம் போதவில்லை.