எட்டு வருட அனுபவம், அதே நாற்காலி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிலோடு சம்பந்தமே இல்லாத வீடு குறைவு. முன்பு நம் பிள்ளைகள் சூப்பர்வைசர், கணக்கர், ஏற்றுமதி டாக்குமென்ட் என்று சேர்ந்தார்கள். இப்போது ஆலை அலுவலகங்களில் இன்னொரு மேசையும் உண்டு. தண்ணீர், மின்சாரம், ரசாயனம், கழிவு, தொழிலாளர் பாதுகாப்பு என்று வெளிநாட்டு பிராண்டுகள் கேட்கும் கணக்கையெல்லாம் தயாரிக்கும் மேசை. கம்பெனிகள் இதை ‘சஸ்டெய்னபிலிட்டி’ என்கின்றன. அந்த மேசையில் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் உட்கார்ந்து, எக்ஸிகியூட்டிவ் என்ற பதவியைத் தாண்டாமல் நிற்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்த மாதப் பாடம்.

இந்த வேலை எப்படி வந்தது என்று தெரிந்தால் எங்கே போகும் என்பதும் புரியும். பாலாற்றுப் பகுதியின் தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் அடங்கியது என்று அதில் சொன்னது. சுத்திகரிப்பு நிலையம் இல்லாத ஆலை இயங்க முடியாது என்றானது. 2005இல் தொடங்கிய லெதர் ஒர்க்கிங் குரூப், தோல் ஆலைகளைத் தணிக்கை செய்து கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று தரம் கொடுக்கிறது. பிராண்டுகள் ஆர்டர் கொடுக்குமுன் அதைப் பார்க்கின்றன. அடுத்தது செபி. 2022-23 நிதியாண்டு முதல் சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்திலுள்ள பங்குச்சந்தைக் கம்பெனிகள் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற அறிக்கையைக் கட்டாயம் தரவேண்டும். 2023இல் அதன் முக்கியமான எண்களை வெளியார் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடும் படிப்படியாக வந்தது. ஆக, தோலில் கற்றதை ஜவுளி, சிமென்ட், வாகன உதிரிபாகம் என்று எங்கும் கொண்டுபோகலாம்.

வேலை இருக்கிறது, உயர்வுதான் இல்லை. காரணம் என்ன? பெரும்பாலும் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

“பாய், எட்டு வருஷமா ஒரு ஆடிட்டும் ஃபெயில் ஆனதில்லை. போன வருஷம் சென்னையிலிருந்து வந்தவரை எனக்கு மேலே மேனேஜராப் போட்டுட்டாங்க.”

“தம்பி, இந்த எட்டு வருஷத்துல உன் கணக்கைப் பார்த்து முதலாளி எதையாவது வாங்கினாரா, நிறுத்தினாரா?”

அந்தத் தம்பியிடம் பதில் இருக்காது. எண்களைச் சேகரித்து படிவத்தில் நிரப்புவது தேவையான வேலைதான். ஆனால் நிர்வாகத்தின் கண்ணில் அது குமாஸ்தா வேலை. எண்ணைப் பணமாக மாற்றி, ஒரு முடிவை எடுக்க வைப்பவரைத்தான் மேலே அழைப்பார்கள். அநியாயமாகத் தோன்றலாம், ஆனால் நடப்பு அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாய்லரில் 30 கிலோவாட் இழுக்கும் விசிறி ஒன்று நாளுக்கு 20 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,80,000 யூனிட். தேவைக்கு மேல் காற்று தருகிறது என்றால் வி.எஃப்.டி. பொருத்தி வேகத்தை 20 சதவீதம் குறைக்கலாம். விசிறியின் மின்தேவை வேகத்தின் கனத்துக்கு ஏற்ப மாறும்: 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். மிச்சம் சுமார் 88,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 7 லட்சம். நடைமுறையில் கொஞ்சம் குறையும், அதையும் சொல்லிவிடுங்கள். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று பிடித்தால், 60 டன்னுக்கு மேல் குறையும்.

பிராண்டுக்கு 60 டன், முதலாளிக்கு 7 லட்சம். இரண்டையும் ஒரே தாளில் எழுதி, பேனலின் விலையையும் அது எத்தனை மாதத்தில் திரும்பும் என்பதையும் பக்கத்தில் போட்டுக் கொடுங்கள். இப்படி ஆண்டுக்கு இரண்டு தாள் போதும். சம்பள உயர்வுப் பேச்சில் “இத்தனை ஆடிட் முடித்தேன்” என்பதைவிட அது எடைகூடும். இதற்குப் பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ் பிரிவினரோடு உட்கார்ந்து டீ குடிக்கும் பழக்கம் வேண்டும். நம் ஆட்கள் பலர் சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வெளியே வருவதே இல்லை.

சான்றிதழ்களைப் பற்றி வீட்டார் கவனிக்க வேண்டியது: நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டும் ஆன்லைன் கோர்ஸுக்கு அவசரப்பட வேண்டாம். பசுமைவாயுக் கணக்கின் அடிப்படையான ஜி.எச்.ஜி. புரோட்டோகால் கையேடுகளும், பி.ஆர்.எஸ்.ஆர். படிவமும், பெரிய கம்பெனிகள் வெளியிட்ட அறிக்கைகளும் இலவசம். முதலில் அவற்றைப் படிக்கலாம். பொறியியல் படித்தவர்கள் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு நடத்தும் எனர்ஜி மேனேஜர் தேர்வை யோசிக்கலாம். அது ஆலைகள் மதிக்கும் தகுதி. வேதியியல் முடித்து வீட்டிலிருக்கும் நம் பெண்களுக்கும் இது ஏற்ற துறை. அறிக்கை வேலையில் கணிசமான பகுதியைக் கம்ப்யூட்டர் முன்னாலேயே செய்யலாம்.

ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். “மீட்டர் ரீடிங்கைக் கொஞ்சம் குறைத்துப் போடு” என்று மேலிருந்து வரும். நடுமட்டத்தில் இருப்பவர்தான் மாட்டுவார், ஏனென்றால் ஷீட்டில் இருப்பது அவர் பெயர். மறுத்துச் சண்டை போட எல்லோராலும் முடியாது, வீட்டில் இ.எம்.ஐ. இருக்கும். ஆனால் மீட்டரின் போட்டோவும் பில்லின் நகலும் தேதியோடு கோப்பில் இருக்கட்டும். “இதை வெளி ஆடிட்டர் பில்லோடு ஒப்பிடுவார் சார், ஆர்டரே போய்விடும்” என்று நிதானமாகச் சொல்லுங்கள். வியாபாரம் தெரிந்தவர்கள் இதைக் கேட்பார்கள். கேட்காத இடத்தில் அடுத்த வேலையைத் தேடுவதுதான் நல்லது.

பயிற்சிக்கு: உங்கள் ஆலையின் கடைசி 12 மாத மின்கட்டண பில்லையும் டீசல் பில்லையும் எடுங்கள். டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ என்று பெருக்குங்கள். அதிகம் தின்னும் மூன்று இயந்திரங்களைக் கண்டுபிடித்து, ஒன்றுக்கு மட்டும் மேலே சொன்ன மாதிரி ஒரு பக்கத் தாள் தயாரியுங்கள்.