ஏறும் ஏலமும் இறங்கும் ஏலமும்

வண்டிப்பெரியாற்றைச் சூழ்ந்த மலைகளில் வளரும் மாணவர்களுக்கு 'ஏலம்' என்னும் சொல் இருபொருள் தரும். ஒன்று மணக்கும் காய். மற்றொன்று அதனை விற்கும் முறை. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலம் விடப்படுகிறது. சரக்கு ஒன்று, வாங்குவோர் பலர். ஆதலால் விலை ஏறுகிறது.

அப்வொர்க், ஃப்ரீலான்சர் முதலிய இணையத்தளங்களில் நடைபெறுவது இதற்கு நேர்மாறானது. அங்கே வேலை ஒன்று, செய்ய முன்வருவோர் பலர். விலை இறங்கவே முனையும். எந்த நிறுவனத்திலும் நிலையாகச் சேராமல் வேலைதோறும் ஊதியம் பேசிக்கொள்பவரை 'ஃப்ரீலான்சர்' என்பர். வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' புதினத்தில் இச்சொல் கூலிக்குப் போரிடும் ஈட்டி வீரரைக் குறித்தது. ஈட்டி போயிற்று, பெயர் நின்றுவிட்டது.

தேக்கடியில் விடுதி நடத்தும் ஒருவர், 4,000 சொற்கள் கொண்ட மலையாளக் கையேட்டைத் தமிழாக்க விரும்புகிறார் எனக் கொள்வோம். இரு மொழியும் அறிந்த உங்களுக்கு இது ஏற்ற பணி. மணிக்கு 250 சொற்கள் எனில் 16 மணி. திருத்தத்திற்கு 4 மணி. ஆக 20 மணி. ஒரு மணிக்கு 150 ரூபாய் வேண்டுமெனில் 3,000 ரூபாய் கைக்கு வரவேண்டும். தளம் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளுமாயின், பலர் 3,300 என விலைப்புள்ளி தருவர். 330 கழிந்தால் 2,970 தான் மிஞ்சும்! 3,000-ஐ 0.9-ஆல் வகுத்து, 3,334 எனக் கேட்பதே சரி.

வேறொருவர் 1,500-க்கு முன்வரலாம். கழிவு போக அவருக்கு மணிக்குக் கிடைப்பது 67 ரூபாய் 50 காசு. அவரைத் தொடர்ந்து நாமும் இறங்க வேண்டுவதில்லை. வேலை தருபவர் குறைந்த விலையையே ஏற்கவேண்டும் என்னும் விதி அங்கில்லை.

விலையைவிட விண்ணப்பமே பேசும். "திறம்படச் செய்து தருவேன்" என்று எல்லாரும் எழுதுவர். "படங்களின் கீழுள்ள வரிகளும் கணக்கில் சேருமா?" என்று கேட்பவரோ கையேட்டைப் படித்தவர் எனத் தெரிந்துவிடும். முன் அனுபவம் இல்லாதவர், கொழுந்து பறிப்பது முதல் தேயிலைத் தூளாவது வரை ஒரு பக்கம் இரு மொழியிலும் எழுதி மாதிரியாக இணைக்கலாம். ஆனால் 'தேர்வு' என்ற பெயரில் கையேடு முழுவதையும் ஊதியமின்றிக் கேட்டால் மறுத்துவிடுக. வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர் வேலை தருபவர் அல்லர்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதோர் ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி பெறார். எனவே உங்களுக்கு இது மாதிரிப் பக்கங்களைச் சேர்க்கும் காலம்.

பயிற்சி

1. விலைப்புள்ளி, ஒப்பந்தப்புள்ளி: வேறுபாடு யாது?
2. தளத்தின் பங்கு 20 விழுக்காடு எனில், 3,000 ரூபாய் பெற எவ்வளவு கேட்கவேண்டும்?
3. மேற்கண்ட கையேட்டுப் பணிக்கு எட்டு வரிகளில் விண்ணப்பம் எழுதுக. ஒரு வினாவேனும் அதில் இடம்பெற வேண்டும்.